காலை வேன், மாலை வேன்

கட்டில்காரம்மாவுக்குக் கூட்டம் என்றாலே ஆகாது. பத்துப் பேர் உட்கார்ந்து பேசுகிற நேரத்தில் ஒருத்தி எழுந்து போய் அந்த வேலையையே முடித்துவிட்டு வந்துவிடலாம் என்பது அவள் கட்சி. ஆனால் இந்தக் கூட்டத்துக்குப் போகாமல் தீராது என்றாகிவிட்டது. வீட்டில் இடம் இல்லை.

படுக்கையில் விழுந்தவர்களுக்கு வேண்டிய சாமான்களை இரவல் கொடுக்கும் அமைப்பு ஒன்றை அவள் நடத்திவந்தாள். தலைப்பக்கம் தூக்கி இறக்கும் கட்டில், சக்கர நாற்காலி, பிடித்துக்கொண்டு நடக்கிற சட்டம், ஊன்றுகோல். நோயாளி தேறினாலும் சரி, தேறாமலே போய்ச் சேர்ந்தாலும் சரி, சாமான் திரும்பி வந்தாக வேண்டும். வந்ததெல்லாம் அவள் வீட்டுக்குள்தான் கிடந்தது. கூடத்தில் கட்டில்கள் சுவரோடு சாய்ந்து நின்றன. சமையலறைக்குப் போகிறவர்கள் முதலில் இரண்டு சக்கர நாற்காலிகளை மடக்கி வைக்க வேண்டும். கணவர் காலையில் செய்தித்தாள் படிப்பதே கழிப்பறை நாற்காலி ஒன்றில் உட்கார்ந்துதான். மூடி போட்டது, புதுசு என்பதால் அவர் மூச்சு விடவில்லை.

இந்த லட்சணத்தில்தான் பெரிய அறக்கட்டளை ஒன்றிடமிருந்து அழைப்பு வந்தது. தொண்டு அமைப்புகளை நடத்துகிறவர்கள் எல்லோரும் கூடி இரண்டு நாள் பயிற்சி. தலைப்பு, ‘சேர்ந்து நிற்போம், மீண்டு எழுவோம்’. அவள் கண் அதில் நிற்கவில்லை. அறக்கட்டளையின் கிடங்கு ஒன்று சும்மா கிடக்கிறது, சேர்ந்து வேலை செய்ய ஒத்துக்கொள்ளும் அமைப்புகளுக்கு அது வாடகையில்லாமல் தரப்படும் என்று கீழே போட்டிருந்தது. அதில்தான் நின்றது.

“அப்ப இன்னொரு அமைப்போட சேரணுமே. யாரைச் சேத்துக்கப் போற?” என்று கணவர் கேட்டார்.

“யாராவது ஆப்பிடுவாங்க. உங்க அக்காவைத் தவிர யாரா இருந்தாலும் எனக்குச் சம்மதம்.”

கணவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார்.

அந்த அக்காவும் கட்டில்காரம்மாவும் ஒரு காலத்தில் நகமும் சதையுமாக இருந்தவர்கள்தான். மாமனார் நோயில் விழுந்தபோது மகளும் மருமகளும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவர் காலமான பிறகு அவருடைய கட்டிலையும் நாற்காலியையும் அக்கம்பக்கத்தில் தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். அதுவே அமைப்பாக வளர்ந்தது. அப்புறம் ஒரு நாள் நாத்தனார் ஒரு குடும்பத்திடம் போய், “நாற்காலியை நீங்களே வெச்சுக்குங்க, திருப்பித் தர வேணாம்” என்று தாராளமாகச் சொல்லிவிட்டு வந்தாள். அதே நாற்காலியை மருமகள் இன்னொரு வீட்டுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். திருப்பி வாங்குவதெல்லாம் ஒரு தர்மமா என்று ஒருத்தி கேட்டாள். வாரிக் கொடுத்துவிட்டால் அடுத்தவனுக்கு என்னத்தைக் கொடுப்பது என்று இன்னொருத்தி கேட்டாள். வாய் முற்றியது. நாத்தனார் தனி அமைப்பு ஆரம்பித்துவிட்டாள். அங்கே எதைக் கொடுத்தாலும் கொடுத்ததுதான். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை அன்றோடு நின்றது.

கணவர் தன் பக்கம் நின்றதில் கட்டில்காரம்மாவுக்கு உள்ளூரப் பெருமை. அவருக்குச் சொந்தமாக ஒரு வேன் இருந்தது. காலை முழுக்க மனைவியின் சாமான்களை ஏற்றி இறக்குவார். சாயங்காலமானால் கடைகளுக்குச் சரக்கு ஏற்றப் போகிறேன் என்று கிளம்பிவிடுவார். பிழைப்பையும் பார்த்துக்கொண்டு பெண்டாட்டிக்கும் உழைக்கிற மனுஷன் என்று அவளே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

பயிற்சி நாளன்று அவர் அவளை வாசலில் இறக்காமல் தெருமுனையிலேயே இறக்கிவிட்டார்.

“உள்ள வண்டி திருப்ப இடமிருக்காது. நீ நடந்துடு. மத்தியானம் ஒரு வீட்டுக்குக் கட்டில் போகணுமே, அதை ஏத்தியே வெச்சிருக்கேன்” என்றார். சொல்லும்போதே கியர் போட்டுவிட்டார்.

உள்ளே போய்ப் பார்த்தால் கல்யாண மண்டபமே திருப்புகிற அளவுக்கு இடம் கிடந்தது. அதைப் பற்றி யோசிப்பதற்குள் கழுத்தில் ஒரு அட்டையை மாட்டி மாடிக்கு அனுப்பிவிட்டார்கள்.

மாடியில் நீளமான அறை. குளிர்பதனம் ஒரு மூலையை மட்டும் குளிர வைத்துக்கொண்டிருந்தது. அந்த மூலையில் இடம் பிடித்தவர்கள் சால்வையோடும், மற்றவர்கள் விசிறிக்கொண்டும் இருந்தார்கள். எல்லோரும் ஏதோ ஒரு அமைப்பின் தலைவர்கள். எல்லோருக்கும் பேசிப் பழக்கம், கேட்டுப் பழக்கமில்லை. இரத்ததானக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தவுடனே அவளுடைய இரத்தம் என்ன வகை என்று விசாரித்தார். தெருநாய்க் காப்பகம் நடத்துகிறவர் முழங்கை வரை கடி வாங்கிய தழும்புகளோடு ஒவ்வொருவரிடமும் ஒரு குட்டியைத் தள்ளிவிடப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்து நாத்தனார் நுழைந்தாள். இரண்டு பேரும் பார்த்தார்கள். இரண்டு பேரும் அவசரமாகச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்கள். அது ஓடவில்லை.

பயிற்சியாளர் ஒலிவாங்கியைப் பிடித்தார். உற்சாகமான ஆசாமி. காதில் மாட்டிய கருவியும் கையில் ஒலிவாங்கியுமாக இரண்டு வழியாகவும் அவர் குரல் வந்தது.

“எல்லாரும் உட்காருங்க! இப்ப எழுந்திருங்க! விழுந்தா எழுந்திருப்போம். இதுதாங்க மீண்டு எழறது!”

முட்டி வலிக்காரர்கள் பாதியில் நின்றுவிட்டார்கள். “எழுந்திருக்கறதுக்கு ஆள் பிடிச்சாத்தான் முடியும்” என்று இரத்ததானக்காரர் முனகினார்.

“அதுக்குப் பேர்தான் ஒத்துழைப்பு!” என்று பயிற்சியாளர் அதையும் விடாமல் பிடித்துக்கொண்டார்.

பிறகு ஆளுக்கு ஒரு மஞ்சள் அட்டையும் தடித்த பேனாவும் கொடுத்தார். “உங்ககிட்ட என்ன இருக்கு, மத்தவங்களோட எதைப் பகிர்ந்துக்க முடியும்? எழுதிச் சுவத்துல ஒட்டுங்க. யாரோட யார் சேரலாம்னு நான் சொல்றேன். கிடங்கு யாருக்குன்னு அதுலேயே தெரிஞ்சுடும்.”

கட்டில்காரம்மா யோசித்தாள். கட்டில் இரவல், நாற்காலி இரவல். தாராளமாகப் பகிர என்ன இருக்கிறது? ‘ஒரு வேன், ஒரு ஓட்டுநர். சாயங்காலம் கிடைக்காது’ என்று எழுதி ஒட்டினாள்.

பயிற்சியாளர் சுவர் ஓரமாக நடந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் துள்ளாத குறையாக நின்றார்.

“அட! இங்க பாருங்க. ஒருத்தங்ககிட்ட வேனும் ஓட்டுநரும் இருக்கு, சாயங்காலம் கிடைக்காது. இன்னொருத்தங்ககிட்டயும் வேனும் ஓட்டுநரும் இருக்கு, காலையில கிடைக்காது! ரெண்டையும் சேத்தா நாள் முழுக்க வேன்! யாருங்க அந்த ரெண்டு பேர்? முன்னாடி வாங்க!”

கட்டில்காரம்மா எழுந்தாள். அந்தப் பக்கம் நாத்தனாரும் எழுந்தாள். இருவரும் அறையின் இரண்டு ஓரங்களைப் பிடித்துக்கொண்டு நடந்து முன்னால் வந்து, நடுவில் பயிற்சியாளரை விட்டு நின்றார்கள்.

“உங்க வேனைப் பத்திச் சொல்லுங்கம்மா.”

“வெள்ளை வேன். பின் கதவு சரியா மூடாது, கயிறு போட்டுக் கட்டணும்” என்றாள் கட்டில்காரம்மா.

“என்ன பொருத்தம்! உங்களுதுங்கம்மா?”

நாத்தனாரின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. “வெள்ளைதான்” என்றாள் மெதுவாக. “கயிறு பச்சைக் கயிறா?”

அந்தப் பச்சைக் கயிற்றை வாங்கிக் கொடுத்ததே கட்டில்காரம்மாதான்.

“ஓட்டுநர் எப்படி, நல்ல மனுஷனா?” பயிற்சியாளருக்கு ஒன்றும் புரியவில்லை.

“கூடப் பிறந்தவன்” என்றாள் நாத்தனார்.

“கட்டின புருஷன்” என்றாள் கட்டில்காரம்மா.

அறையில் இருந்தவர்களுக்கு விஷயம் உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. உறைத்ததும் நாய்க் காப்பகத்துக்காரர்தான் முதலில் சிரித்தார். அது பரவி, சால்வைக்காரர்கள் வரை போயிற்று.

“உன் பக்கத்தை விட்டுட்டு என் பக்கம் வந்துட்டேன்னு சொன்னானே!” நாத்தனார் அத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக வாய் திறந்தாள். “காலையில கடைக்குச் சரக்கு ஏத்தறேன், சாயங்காலம் உனக்குத்தான்க்கா உழைப்புன்னு சொன்னானே!”

“எங்கிட்ட சாயங்காலம் சரக்குன்னு சொன்னாருங்க அண்ணி!”

அண்ணி என்று வாயில் வந்துவிட்டதே என்று அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது.

தெருமுனையில் நின்ற வேனுக்குள் கட்டில் மேலேயே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பிக் கூட்டிவந்தார்கள். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டே உள்ளே வந்தவர், மனைவியும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தார். அப்படியே திரும்பினார். கதவை இரத்ததானக்காரர் அடைத்துக்கொண்டு நின்றார்.

“எத்தனை நாளா நடக்குதுங்க இது?” என்று கேட்டாள் மனைவி.

“ஆரம்பத்துலேர்ந்தே” என்றார் அவர் தரையைப் பார்த்து. “உன் பக்கம் நின்னா அக்கா அழும். அக்கா பக்கம் நின்னா நீ பேச மாட்ட. நான் எந்தப் பக்கம் போய் நிக்கறது? வேனுக்குத்தான் ரெண்டு பக்கமும் கதவு இருக்கு.”

“சரி, ஓட்டினதோட விட்டியா? வேற ஏதாவது இருக்கா?” அக்காவுக்குத் தம்பியின் முழி தெரியும்.

இருந்தது. ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தது. இரவலில் போன சாமான் ஒன்றுகூடத் தவறாமல் திரும்பிவரும் என்று கட்டில்காரம்மா மார்தட்டிக்கொள்வாளே, சில வீடுகளில் அது காணாமல்தான் போயிருந்தது. அக்கா வீட்டு அறையில் இருந்து எடுத்து வந்து அதை ஈடுகட்டியவர் இவர்தான். சாமானைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்களை, கொடுத்ததைத் திரும்பத் தொட மாட்டேன் என்று நாத்தனார் வீராப்பாகத் திருப்பி அனுப்புவாளே, அந்தக் குடும்பங்கள் சாமானை வைத்துக்கொண்டு முழிக்கும். அதை ஏற்றி வந்து மனைவி வீட்டுக் கூடத்தில் சாய்த்து வைத்தவரும் இவர்தான்.

“அதான் வீட்ல கால் வைக்க இடமில்லாமப் போச்சா!” என்றாள் மனைவி.

“அதான் என் அறையில வெச்ச நடைச்சட்டமெல்லாம் கால் முளைச்சுப் போச்சா!” என்றாள் அக்கா.

பயிற்சியாளருக்குக் கண் கலங்கிவிட்டது. “அய்யா, நீங்கதான் உண்மையான தலைவர்! ரெண்டு அமைப்பை ஒரே அமைப்பா நடத்தியிருக்கீங்க! ஒத்துழைப்புன்னா என்னன்னு இவங்களுக்குச் சொல்லுங்க.” ஒலிவாங்கியை அவர் வாயருகே நீட்டினார்.

“அய்யய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க” என்றார் அவர் மிரண்டு போய். “ரெண்டு பேருக்கும் தெரியாததாலதாங்க நடந்துச்சு. தெரிஞ்சிருந்தா ஒரு ஊன்றுகோல்கூட நகர்ந்திருக்காது.”

அறை முழுக்கக் கைதட்டல். அந்தக் கைதட்டல்தான் காரியத்தைக் கெடுத்தது. கட்டில்காரம்மாவுக்குச் சுருக்கென்று இருந்தது. தன் பெருமை பாதி இரவல் பெருமை என்று ஊரறியத் தெரிந்துவிட்டது. அதற்குக் கைதட்டு வேறா? நாத்தனாருக்கும் அதே எரிச்சல். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவர் மேல் பாய்ந்தார்கள். பொய்யிலேயே குடித்தனம் நடத்தினீங்களா என்று ஒருத்தி. அப்பா இருந்திருந்தா உன் தோலை உரிச்சிருப்பார் என்று ஒருத்தி. ஒருத்தி மூச்சு வாங்கிய இடத்தில் மற்றவள் எடுத்துக் கொடுத்தாள். அத்தனை வருஷமாகப் பேசாதவர்கள் என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

அவர் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு சட்டைப் பையில் இருந்து வேன் சாவியை எடுத்து, தண்ணீர்ப் பாட்டில்கள் இருந்த மேசை மேல் வைத்தார்.

“ரெண்டு பேரும் ஒண்ணா ஆயிட்டீங்க இல்ல? சந்தோஷம். இனி நீங்களே ஓட்டிக்குங்க” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டார்.

“போகட்டும், சாப்பாட்டு நேரத்துக்கு வந்துடுவாரு” என்றாள் கட்டில்காரம்மா. சொல்லி முடிக்கவில்லை, அவள் கைபேசி அடித்தது. அன்று மத்தியானம் கட்டில் போக வேண்டிய வீட்டுப் பெண். அம்மாவை ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்புகிறார்களாம், ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டதாம், கட்டில் இன்னும் வரவில்லையே என்று அழாத குறை. அவளைச் சமாதானப்படுத்தி வைத்தவுடன் நாத்தனாரின் கைபேசி அடித்தது. அதே பெண். அதே அழுகை.

நாத்தனாரின் கைபேசியை வாங்கிக் கட்டில்காரம்மாவே பேசினாள். “ஏம்மா, ரெண்டு பேர்கிட்டயும் கேட்டு வெச்சிருக்கியா?”

“ஒருத்தர் கைவிட்டா இன்னொருத்தர்னு...” என்றது அந்தக் குரல் சின்னதாக. “எங்க அம்மா கீழ படுத்தா எழுந்திரிக்க முடியாதுங்க.”

இருவரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். இவளுக்கும் அவளுக்குமாக ஒரே கட்டிலை ஏற்றி வைத்து, இரண்டு பேர் வாக்கையும் காப்பாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறான் மனுஷன். கட்டில் கீழே வேனில் இருந்தது. சாவி மேசையில் இருந்தது. இரண்டு பேருக்கும் சைக்கிளைத் தவிர வேறெதுவும் ஓட்டத் தெரியாது.

“யாருக்காவது வேன் ஓட்டத் தெரியுமா?” என்று கட்டில்காரம்மா அறையைப் பார்த்துக் கேட்டாள்.

“நாய் வண்டி ஓட்டுவேன்” என்றார் நாய்க் காப்பகத்துக்காரர். “கூச்சல் போடாம உட்கார்ந்தா மனுஷங்களையும் ஓட்டுவேன்.”

பயிற்சியாளர் குறுக்கே வந்தார். “அம்மா, அடுத்து முக்கியமான வகுப்பு. நெருக்கடி நேரத்துல சேர்ந்து வேலை செய்யறது எப்படின்னு...”

“அதுக்குத்தாங்க போறோம்” என்றாள் நாத்தனார். கட்டில்காரம்மாவுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஆளுக்காள் கிளம்பிவிட்டார்கள். முன்னால் மூன்று பேர், பின்னால் கட்டிலைச் சுற்றி மீதிப் பேர். பயிற்சியாளரும் கடைசியில் மனசு கேட்காமல் ஏறிக்கொண்டார். பச்சைக் கயிற்றைக் கட்டத் தெரியாமல் இரத்ததானக்காரர் வழி நெடுகக் கதவைக் கையாலேயே பிடித்துக்கொண்டு வந்தார்.

வீடு இரண்டாம் மாடி. படிக்கட்டு குறுகல், நடுவில் ஒரு திருப்பம். கட்டில் அந்தத் திருப்பத்தில் போய் வசமாக மாட்டிக்கொண்டது. உடனே தலைவர்கள் எல்லோருக்கும் உயிர் வந்துவிட்டது. சாய்க்கணும் என்றார் ஒருவர். நிமிர்த்தணும் என்றார் ஒருவர். முதலில் ஒரு குழு அமைக்கலாம் என்றுகூட ஒரு குரல் கேட்டது. கீழ்ப்படியில் ஆம்புலன்ஸ்காரர்கள் நோயாளியோடு வந்து நின்றுவிட்டார்கள். படுத்திருந்த அந்த அம்மாள் தலையைத் தூக்கி, “யாரு செத்துட்டாங்க, இவ்வளவு கூட்டம்?” என்று கேட்டாள்.

கட்டில்காரம்மா புடவையை இழுத்துச் செருகினாள். “எல்லாரும் ஒதுங்குங்க. வாய் பேசறவங்க கை வைக்க வேணாம். அண்ணி, நீங்க தலைப்பக்கம் வாங்க.”

நாத்தனார் முறைத்தாள். ஆனாலும் போனாள். குனிந்து பிடித்தவள் பிடித்தபடியே நின்றுவிட்டாள்.

“என்னங்க அண்ணி?”

“இந்தக் கம்பியில பாரு.” தலைப்பக்கக் கம்பியில் பெயிண்ட் உரிந்து ஒரு வளையம் மாதிரித் தேய்ந்திருந்தது. “அப்பா ரேடியோவை இங்கதானே மாட்டி வெச்சிருந்தாரு.”

கட்டில்காரம்மா அருகில் வந்து பார்த்தாள். அதேதான். எத்தனை வீட்டுக்குப் போய் வந்ததோ, யார் கொடுத்து யார் வாங்கியதோ, மாமனாரின் கட்டில் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் படிக்கட்டில் மாட்டிக்கொண்டு நின்றது.

“காதுக்குப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, கேக்கலைன்னு கத்துவாரு” என்றாள் கட்டில்காரம்மா.

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள். “அவரைத் தூக்கினப்ப எப்படித் திருப்பினோம்? உன் பக்கம் தூக்கி, என் பக்கம் இறக்கி.”

“ஆமா. நீங்க இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு என்னைத் திட்டிக்கிட்டே வருவீங்க.”

“இப்பவும் திட்டுவேன். தூக்குடி.”

தூக்கினார்கள். ஒரு சாய்வு, ஒரு திருப்பு. கட்டில் சுவரில் சுண்ணாம்பை உரசிக்கொண்டு மேலே போய்விட்டது. கீழே நின்ற தலைவர்கள் கைதட்டினார்கள். கைதட்டினது போதும், மெத்தையை எடுத்துக்கிட்டு வாங்க என்று மேலே இருந்து சத்தம் வந்தது. எடுத்து வந்தார்கள். பயிற்சியாளர் தலையணையைத் தூக்கிவந்தார். அந்த அம்மாளைப் படுக்கவைத்துத் தலைப்பக்கத்தை உயர்த்தியதும் அவள் கூட்டத்தை ஒரு தடவை சுற்றிப் பார்த்து, “அப்ப யாரும் சாகலையா?” என்று உறுதிப்படுத்திக்கொண்டாள்.

கிடங்கு அவர்களுக்கே கிடைத்தது. இரண்டாம் நாள் பயிற்சியில் அறக்கட்டளைக்காரர் அறிவித்தபோது யாரும் ஆட்சேபிக்கவில்லை. கட்டில்காரம்மா வீட்டுக் கூடத்தில் நடமாட இடம் வந்தது. கொடுப்பதா, இரவலா என்ற சண்டை மட்டும் தீரவில்லை. வீட்டில் நடந்தது இப்போது கிடங்கில் நடக்கிறது, எதிரொலியோடு.

கணவர், சாவியை வைத்துவிட்டுப் போன அன்று, சாப்பாட்டு நேரத்துக்கு வரவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்தார். மனைவி பரிமாறினாள். பரிமாறி முடித்துவிட்டு, “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்” என்றாள். “சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்ப?” என்று அவர் கேட்டார். அவள் யோசித்துப் பார்த்தாள். நேர்மையாகச் சொன்னால், வேன் டயரில் காற்றைப் பிடுங்கியிருப்பாள். “இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டுமா?” என்றாள்.

வேனை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. நாய்க் காப்பகத்தில் வண்டி ஓட்டப் போய்விட்டார். ஏன் என்று கேட்டவர்களிடம், ஏறின நாய் எதுவும் இதுக்கு முன்னாடி யாரை ஏத்தினேன்னு கேக்கறதில்லை என்றார்.

ஆக, ஓட்டக் கற்றுக்கொள்வதைத் தவிர பெண்கள் இருவருக்கும் வழி இல்லாமல் போயிற்று. ஒரே பயிற்சிப் பள்ளியில் ஒன்றாகச் சேர்ந்தார்கள். ஒருத்தி ஓட்டினால் மற்றவள் பின்னால் உட்கார்ந்து திருத்தம் சொன்னாள். சொல்லிக்கொடுக்க வந்தவர் நாளடைவில் பேசுவதையே விட்டுவிட்டு, பிரேக் மேல் மட்டும் கால் வைத்துக்கொண்டிருந்தார். தேர்வில் கட்டில்காரம்மா தேறிவிட்டாள். நாத்தனார் தேறவில்லை. முன்னால் போகச் சொன்னதெல்லாம் போனாள். வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்ன இடத்தில்தான் கோட்டை விட்டாள்.

“என்னங்க அண்ணி, நல்லாத்தானே ஓட்டிட்டிருந்தீங்க?”

“பின்வாங்கி எனக்குப் பழக்கமில்ல” என்றாள் நாத்தனார், வேனில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியில் தன் தலையைச் சரிசெய்துகொண்டே.

“எனக்கு மட்டும் பழக்கமா? நானும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் எடுத்தேன்.”

நாத்தனார் திரும்பி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “என்னை இறக்கி விடு. நான் நடந்து வரேன்” என்றாள். சொன்னாளே தவிர இறங்கவில்லை. பெல்ட்டை மட்டும் இன்னும் கொஞ்சம் இழுத்து இறுக்கிக்கொண்டாள். கட்டில்காரம்மா வேனைக் கிளப்பினாள்.